வசுமதி மிஸ்ஸின் கொட்டாவி

முதல் தடவையா வருகிறீர்கள்? கேட்கவே வேண்டாம், பார்த்தாலே தெரிகிறது. முதல் தடவை வருகிறவர்கள் எல்லாரும் அந்த மீன்தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதில் மீன் கிடையாது. எப்போதோ செத்துப் போய்விட்டது. வெறும் தண்ணீரும் கூழாங்கல்லும்தான். அதையும் எல்லாரும் எவ்வளவு மரியாதையாகப் பார்க்கிறோம் பாருங்கள்.

பையன் நல்ல தூக்கமா? தோள் வலிக்காதா உங்களுக்கு? அதோ, நாற்காலிக் காலைக் கடித்துக்கொண்டிருக்கிறாளே, அது என் பெண்தான். ஆதிரை. கடிக்கட்டும் விடுங்கள், பல் முளைக்கிறது.

உங்கள் நேரத்துக்கு இன்னும் நிறைய இருக்கிறது. என் நேரம் அதற்கும் அப்புறம்தான். நான் எப்போதும் இரண்டு மணி நேரம் முன்னாடியே வந்துவிடுவேன். கான்வென்ட் பழக்கம். மணி அடிப்பதற்கு முன்னால் வரிசையில் நின்றே வளர்ந்த ஜென்மம். இப்போது மணியும் இல்லை, வரிசையும் இல்லை, கீழே பேக்கரியில் பப்ஸ் வேகும் வாசனையை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உண்மையைச் சொன்னால், இன்றைக்கு நான் கவுன்சிலிங்குக்காக வரவில்லை. இனிமேல் வர மாட்டேன் என்று நேரில் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன். போனிலேயே சொல்லலாம்தான். ஆனாலும் நேரில் வந்து சொல்வதுதான் மரியாதை. போன வாரமும் அதைச் சொல்லத்தான் வந்தேன். பேச்சு வேறு எங்கோ போய்விட்டது.

உங்களைப் பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். தெரிந்துகொண்டு உள்ளே போவது நல்லதில்லையா? என்னிடம் யாரும் சொல்லவில்லை. உள்ளே இருப்பவர் பெயர் வசுமதி. பெயர் சொல்லியே கூப்பிடலாம் என்பார். எனக்கு வாயில் வரவில்லை. 'மிஸ்' என்றுதான் கூப்பிடுகிறேன். எனக்கு வயது இருபத்தொன்பது. அந்த மிஸ், நான் பேசிக்கொண்டிருக்கும்போது, என் முகத்துக்கு நேராகக் கொட்டாவி விட்டார்.

சிரிக்காதீர்கள். முழுசாகக் கேளுங்கள்.

நான் எதற்காக வந்தேன் என்பதை முதலில் சொன்னால்தான் விளங்கும். அதை லேசில் யாரிடமும் சொல்வதில்லை. உங்களிடம் சொல்கிறேன் என்றால், நீங்கள் உள்ளே வந்ததும் காற்று வருகிற ஜன்னலோர நாற்காலியை விட்டுவிட்டு, இந்தப் புழுக்கத்தில் சுவரோரமாக வந்து உட்கார்ந்தீர்கள் பாருங்கள், அதனால்தான். சும்மா உட்கார்ந்தேன் என்கிறீர்களா? சரி. சும்மாதான். நானும் அப்போதெல்லாம் சும்மாதான் சுவரோரமாக உட்காருவேன்.

எங்கள் வீடு சரவணம்பட்டியில் நாலாவது மாடி. குன்னூரில் பிரசவம் முடிந்து, அம்மாவையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்தேன். ஒரு நாள் மத்தியானம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பால்கனியில் நிற்கிறேன். கீழே ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. அதைப் பார்த்த மாத்திரத்தில் மனசுக்குள் ஒரு படம் ஓடியது. குரல், கிரல் எதுவும் இல்லை. வெறும் படம். என் கை விரிகிறது. அவ்வளவுதான் படம். நிஜத்தில் விரியவில்லை, நிஜத்தில் அவள் மூச்சுத் திணறும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தேன். ஆனாலும் உள்ளே ஓடி வந்து, பால்கனிக் கதவைத் தாழ் போட்டு, குழந்தையை அம்மா மடியில் போட்டுவிட்டு, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அன்றிலிருந்து அந்தப் படம் போகவில்லை. எப்போது குழந்தையைத் தூக்கினாலும் ஓடும்.

வீட்டில் சொல்ல முடியுமா? என் வீட்டுக்காரர் கோகுல்நாத் நல்ல மனிதர், எதையும் குடைந்து கேட்க மாட்டார். அவரிடம், "புறா எச்சம் குழந்தை நுரையீரலுக்கு ஆகாதாம்ங்க" என்றேன். மறுநாளே ஆள் வந்து பால்கனி முழுக்க வலை கட்டிவிட்டுப் போய்விட்டான். அப்பாடா என்று இருந்ததா? இல்லை. வலையை வெட்டலாமே என்று படம் தன்னைத் தானே திருத்திக்கொண்டது. மற்ற விஷயத்தில் எனக்கு இவ்வளவு புத்தி கிடையாது, இதில் மட்டும் அபாரமான மூளை. சரி என்று வீட்டிலிருந்த கத்தரிக்கோலை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தேன். மூன்றாம் நாள் அம்மா கையில் அகப்பட்டுவிட்டது.

"ஏண்டி வினு, அரிசிக்குள்ள கத்தரிக்கோல் கிடக்குது?"

"வண்டு வராதும்மா."

"இரும்பு போட்டா வண்டு வராதா? யார் சொன்னா?"

"கான்வென்ட்ல சொல்லிக் குடுத்தாங்க."

"அவங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று அம்மா ஒரு பழைய தோசைத்திருப்பியையும் சேர்த்துப் புதைத்து வைத்தார். வண்டு வரவில்லை, அது வேறு விஷயம்.

அம்மா இருந்தவரை எப்படியோ ஓடியது. நானும் குழந்தையும் தனியாக இருந்ததே கிடையாது. அம்மா குளிக்கப் போனால் நான் இவளைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விடுவேன். எதிர்வீட்டு அக்கா என்னை ரொம்ப ஒட்டுதலான பெண் என்று நினைத்து முறுக்கெல்லாம் கொடுத்தார். ஆனால் குன்னூரில் அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் வைத்திருந்தார்கள். ஆயுத பூஜை முடிந்து அம்மா போயாக வேண்டும். அதற்கப்புறம் காலையில் அவர் ஆபீஸ் போனால் சாயங்காலம் வரைக்கும் நானும் இவளும்தான். நாலாவது மாடியில். அம்மா பஸ் ஏறுவதற்குள் என் கை சரியாகிவிட வேண்டும். இந்த ஒரே காரியத்துக்காகத்தான் இந்தப் படியேறினேன்.

ஏறி வந்து அந்தக் காரியத்தைச் சொன்னேனா என்றால், அதுதான் இல்லை.

முதல் நாள் மிஸ் அறைக்குள் வந்ததும் எழுந்து நின்று "குட் மார்னிங் மிஸ்" என்றேன். நான் நினைத்துச் சொல்லவில்லை, முழங்கால் தானாக நிமிர்ந்துவிட்டது. அவர் பாவம், தானும் "குட் மார்னிங்" என்றார். அவர் உட்கார்ந்த பிறகுதான் நான் உட்கார்ந்தேன். "என்ன பேசலாம்?" என்று கேட்டார். கேட்கிற கேள்வியா இது? கேள்வித்தாளைக் கொடுக்காமல் பரீட்சை எழுதச் சொன்னால் எப்படி? தூக்கம் சரியில்லை மிஸ் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து போனில் தேடித் தேடிப் படித்தேன். மனசு வைத்தியத்துக்கு எதெல்லாம் முக்கியம் என்று. சின்ன வயசு முக்கியம் என்று போட்டிருந்தது. அப்பா முக்கியம். கனவு ரொம்பவே முக்கியம். எனக்குக் கனவே வராது, படுத்தால் கட்டை. அதற்காக வெறுங்கையோடு வகுப்புக்குப் போக முடியுமா? ஒரு கனவைத் தயார் செய்துகொண்டு போனேன். சுரங்கப்பாதை, அதற்குள் ரயில், சுரங்கத்தின் வாசலில் ஒரு பாம்பு. ஊட்டி ரயிலில் போன அனுபவம் கைகொடுத்தது. பாம்பு மட்டும் என் சொந்தச் சரக்கு.

மிஸ் கேட்டுவிட்டு, "ரொம்ப நேர்த்தியான கனவு" என்றார்.

நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு முதல் ரேங்க் வந்த சந்தோஷம். இங்கே வருகிறவர்களிலேயே நான்தான் கெட்டிக்காரி என்று ஒரு நினைப்பு. யோசித்துப் பாருங்கள், பைத்தியம் பிடிக்குமோ என்று பயந்து வந்த இடத்தில் கிளாஸ் ஃபர்ஸ்ட் வர வேண்டும் என்று பாடுபட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். ஆசிரியர் தினத்துக்கு ஒரு ரோஜாப்பூவும் வாங்கி வந்தேன். வாங்கிக்கொண்டு, "இது எனக்கா, உங்க ஸ்கூல் மிஸ்ஸுக்கா?" என்று கேட்டார். பூ வாங்கிக் கொடுத்தால் தாங்ஸ் என்று சொல்வார்கள், இல்லையா? இங்கே அதற்கும் கேள்வி.

வாரா வாரம் ஒவ்வொரு தலைப்பு. ஒரு வாரம் அப்பா. ஒரு வாரம் தன்னம்பிக்கை. ஒரு வாரம் ஹாஸ்டல். நாங்கள் இருந்த தேயிலை எஸ்டேட்டிலிருந்து பஸ் கிடையாது என்று என்னை ஆறு வயசில் கான்வென்ட் ஹாஸ்டலில் விட்டார்கள். அம்மா என்னை விட்டுவிட்டுப் போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. இது நிஜம்தான், ஆனால் இதில் ஒன்றுமே இல்லை, தலைப்பை நிரப்பத்தான் சொன்னேன். மிஸ் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நீங்க அழுதீங்களா?"

"இல்ல மிஸ். ஷூவுக்குப் பாலிஷ் போட்டேன்."

"ஆறு வயசுலயா?"

"நல்லாப் போடுவேன் மிஸ். சிஸ்டர் பிலோமினா எல்லாருக்கும் என் ஷூவைத்தான் தூக்கிக் காட்டுவாங்க."

அவர் ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தார். எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இப்போது கொட்டாவிக்கு வருகிறேன். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம். அம்மா மூட்டை கட்ட ஆரம்பித்தாயிற்று. எனக்கு உள்ளுக்குள் குளிர் ஜுரம் மாதிரி நடுக்கம். வெளியில், 'நேர மேலாண்மையும் தாய்மையும்' என்று ஒரு தலைப்பில் பேசிக்கொண்டிருக்கிறேன். கோர்வையாக, குறிப்பு எதுவும் இல்லாமல். அப்போதுதான் விட்டார். கையால் வாயை மறைத்தார்தான், ஆனால் தாமதமாக.

நான் பார்க்காத மாதிரி பேச்சைத் தொடர்ந்தேன். அதுதானே நாகரிகம்? அவர் விடவில்லை.

"மன்னிச்சுக்குங்க வினோதினி. எனக்குக் கொட்டாவி வந்திருச்சு."

"பரவாயில்ல மிஸ். நேத்து தூங்கலையா?"

"நல்லாத் தூங்கினேன். காபியும் குடிச்சேன். கொஞ்ச நாளாவே, இங்க, நீங்க பேசும்போது மட்டும்தான் எனக்குத் தூக்கம் வருது. அது ஏன்னு நாம ரெண்டு பேருமாச் சேர்ந்து யோசிக்கலாமா?"

அநியாயத்தைப் பாருங்கள்! கொட்டாவி விட்டது அவர். யோசிக்க வேண்டியதில் எனக்கும் பாதிப் பங்கு.

"உங்க கொட்டாவியைப் பத்தி எனக்கென்ன மிஸ் தெரியும்?"

"வந்தது என் வாய்ல. ஆனா அது என்னோடது மட்டும்தானான்னு தெரியல."

இதுதான் இவருடைய சித்தாந்தம், நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. அந்தக் காலத்து மனசு வைத்தியர்கள் நோயாளியின் கண்ணில் படாமல் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, வாயே திறக்க மாட்டார்களாம். நோயாளிக்குத்தான் மனசு, வைத்தியருக்குக் காது மட்டும். எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! எங்கள் மதர் சுப்பீரியர் அப்படித்தான். சொரசொரப்புக் கண்ணாடி போட்ட கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளை நிழல், அவ்வளவுதான். மனசுக்கு ஒரு தைரியம். இப்போது அதெல்லாம் மாறிவிட்டதாம். அறையில் இரண்டு பேர் இருந்தால் இரண்டு பேருக்கும் மனசு உண்டாம். ஒருத்தர் மனசில் நடப்பதை இன்னொருத்தர் வெளியிலிருந்து பார்த்துச் சொல்லிவிட முடியாதாம். இரண்டு பேருக்கும் நடுவில் என்னவோ நடக்குமாம், உண்மை அங்கேதான் இருக்குமாம். நானும் நடுவில் பார்த்தேன். ஒரு டீப்பாய் இருந்தது. அதன்மேல் ஒரு டிஷ்யூ டப்பா.

எனக்கு வந்ததே கோபம். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மிஸ்ஸிடம் சத்தம் போட்டேன்.

"நான் எவ்வளவு நல்லாப் பேசிட்டிருக்கேன்! ஒவ்வொரு வாரமும் தயார் பண்ணிட்டு வர்றேன் மிஸ்!"

"ஆமா, ரொம்ப நல்லாப் பேசறீங்க. பேச்சு வருது, உங்களைத்தான் காணோம்."

"என்னையா? நான் யாருன்னு தெரிஞ்சா நீங்க இப்படி உட்கார்ந்துட்டு இருக்க மாட்டீங்க. நான் என் குழந்தையை மாடியிலேர்ந்து போட்டுருவேன் மிஸ். போதுமா?"

கொட்டாவி நின்றுவிட்டது.

அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். கை டீப்பாயின் விளிம்பைப் பிடித்தது. சிஸ்டர் பிலோமினாவாக இருந்தால் இப்படியா? ஒரு பிள்ளை படியில் உருண்டு மண்டை உடைந்து ரத்தம் கொட்டியபோதுகூட, "யாரும் ஓடக் கூடாது" என்று மட்டும் சொன்னவர் அவர். இமைகூட ஆடவில்லை. அப்படிப்பட்ட கையில் வளர்ந்தவள் நான்.

அப்புறம் மிஸ் மெதுவாகக் கேட்க ஆரம்பித்தார். "போடணும்னு தோணுதா, இல்ல போட்டுருவேனோன்னு பயமா இருக்கா?" என்றார். பயம் மிஸ், பயம்தான், அவளைத் தொடவே பயம் என்றேன். படத்தைச் சொன்னேன். வெள்ளைக் காரைச் சொன்னேன். கத்தரிக்கோலைச் சொன்னேன். அதற்கு மட்டும் அவர் உதடு கொஞ்சம் துடித்தது, சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. பிள்ளை பெற்ற நிறையப் பேருக்கு இந்த மாதிரிப் படம் வரும், வெளியில் சொல்ல மாட்டார்கள் என்றார். வீட்டுக்காரரிடம் சொல்லியே ஆக வேண்டும், மாத்திரை தருகிற டாக்டரையும் பார்த்தே ஆக வேண்டும் என்றார். பார்த்தேன். ஒரு சின்ன மாத்திரை, ராத்திரி ஒன்று. அதைக் குறை சொல்ல மாட்டேன். மாத்திரை கொட்டாவி விடுவதில்லை.

ஆனால் அன்றைக்குக் கிளம்பும்போது ஒன்று கேட்டேன். அங்கேதான் விஷயம் கெட்டது.

"நான் சொன்னப்ப நீங்க பயந்தீங்களா மிஸ்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம் இல்லையா? ஒரே ஒரு வார்த்தை. பொய்யாக இருந்தால்தான் என்ன?

"பயந்தேன்" என்றார்.

"அப்ப நான் யார்கிட்டப் போவேன்? பயப்படாத ஆள் வேணும்னுதான இங்க வந்தேன்?"

"பயப்படாத ஆள்கிட்ட இதைச் சொல்லியிருப்பீங்களா?"

"அது எப்படி மிஸ் நியாயம்? நீங்களும் என்னை மாதிரின்னா, எதைப் பிடிச்சுட்டு நான் நிக்கறது?"

மிஸ் நாற்காலியை என் பக்கம் கொஞ்சம் நகர்த்தினார். அப்புறம், "நல்ல கேள்வி. எனக்கு முழுப் பதில் தெரியாது" என்றார். "பயந்தேன். ஆனா எழுந்து ஓடல. உங்க பொண்ணை உங்ககிட்டேர்ந்து வாங்கணும்னும் எனக்குத் தோணல. இத்தனை நாளா நீங்க ஒருத்தர் தனியாப் பயந்துட்டு இருந்தீங்க. இப்ப ரெண்டு பேர். இதைத்தான் இப்ப என்னால தர முடியும்."

நீச்சல் கற்றுக்கொள்ளப் போன இடத்தில் வாத்தியார், 'எனக்கும் தண்ணீர் என்றால் பயம்தான், வாருங்கள், சேர்ந்து நடுங்கலாம்' என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது எனக்கு. வீட்டுக்கு வந்து அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன், கோபத்தில்தான்.

கோகுலிடமும் சொன்னேன். எழுந்து போய்ப் பால்கனி வலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கடைசியில், "அப்ப புறா?" என்றார்.

"புறா இல்லைங்க."

"புறா இல்லையா?"

"இல்லைங்க."

என் கையை எடுத்து உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அதில் ஏதோ எழுதியிருக்கிற மாதிரி. அப்புறம் அந்தக் கையை அப்படியே வைத்துக்கொண்டு தூங்கிப்போனார். மறுநாளிலிருந்து வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்த்தார். எத்தனை நாள் அப்படி விடுவார்கள்? அம்மா கிளம்புகிற அன்றைக்கே அவரையும் ஆபீஸுக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

அந்த நாள் வந்தேவிட்டது. அம்மா விடிகாலையில் எழுந்து, "உனக்கு வேலை மிச்சமாகட்டும்" என்று குழந்தையின் துணி அத்தனையையும் துவைத்து, எங்கே காயப்போட்டார் என்கிறீர்கள்? பால்கனியில். அம்மாவுக்கு நான் விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் போக மாட்டார், அப்பா முழங்காலோடு தனியாகக் கிடப்பார். அம்மா ஆட்டோவில் ஏறினார். திரும்பிப் பார்த்தாரா என்று நான் பார்க்கவில்லை, குழந்தையின் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நடக்கவே தெரியாத பிள்ளைக்குச் செருப்பு எதற்கு என்று கேட்காதீர்கள்.

ஹாலில், பால்கனிக் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மத்தியானம் வரைக்கும் தாக்குப்பிடித்தேன். அப்புறம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஐப்பசி மழை, தெரியாதா உங்களுக்கு? துணி அத்தனையும் வெளியில். வீட்டுக்குள் காய்ந்த துணி ஒன்றுகூட இல்லை, இவள் வேறு அப்போதுதான் நனைத்து வைத்திருக்கிறாள். கீழே விட்டால் வீறிடுகிறாள். எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன், பூட்டு. கோகுலுக்குப் போட்டேன், மீட்டிங். அப்புறம் மிஸ்ஸுக்குப் போட்டேன்.

எடுக்கவில்லை.

மறுபடியும் போட்டேன். எடுக்கவில்லை. சேர்ந்து பயப்படலாம் என்று சொன்னவர், பயப்பட வேண்டிய நேரத்தில் ஆளைக் காணோம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடுவேனா? வாய்ஸ் மெசேஜை அழுத்திவிட்டுத் திட்ட ஆரம்பித்தேன்.

"மிஸ், நீங்க எடுக்கல. ரொம்ப நல்லா இருக்கு. இப்ப நான் கதவுகிட்ட நிக்கறேன். தாழை எடுக்கறேன். நீங்க அங்க யாருக்குக் கொட்டாவி விட்டுட்டு இருக்கீங்களோ. இதோ வெளிய வந்துட்டேன். படம் வருது மிஸ். வெள்ளைக் கார் கீழதான் நிக்குது. இவ என் கழுத்துச் செயினைப் பிடிச்சு இழுக்கறா, வலிக்குது. ஒரு துணி எடுத்தாச்சு. கிளிப்பை எவ்வளவு இறுக்கிப் போட்டிருக்காங்க எங்கம்மா! படம் இன்னும் ஓடுது. நீங்களா இருந்தாலும் பயந்திருப்பீங்க, எனக்குத் தெரியும். இதுதான் கடைசித் துணி. சாக்ஸ் ஒண்ணு கீழ விழுந்துருச்சு, அது வலையில மாட்டிட்டு நிக்குது, இருங்க, குனிஞ்சு எடுக்கறேன். எடுத்துட்டேன். ஏய், அதை வாயில வைக்காதடி! உள்ள வந்துட்டேன். கதவைச் சாத்திட்டேன். நீங்க இன்னும் எடுக்கல."

கேட்டீர்களா கதையை? கதவைத் திறந்து, துணி முழுவதையும் எடுத்து, உள்ளே வந்து, இவளுக்கு மாற்றிவிட்டு, மிச்சத்தை மடித்தும் வைத்தாகிவிட்டது. அதுவரைக்கும் அவர் திரும்பக் கூப்பிடவில்லை. எல்லாவற்றையும் நான் ஒருத்தியே செய்துகொள்ள வேண்டுமென்றால் இவர் எதற்கு?

அடுத்த வாரம் வந்து கேட்டேன். வேறொருத்தரோடு இருந்தாராம், இருக்கும்போது எடுக்க மாட்டாராம். "எடுத்திருந்தா நல்லா இருந்திருக்குமோன்னு நெனச்சேன். எடுக்காததுதான் நல்லதோன்னும் நெனச்சேன். தெரியல" என்றார். 'தெரியல' என்று சொல்ல ஒரு ஆள், அதற்கு நேரம் குறித்துக்கொண்டு நான் வர வேண்டும்.

"கதவை யார் தெறந்தாங்க?" என்று அப்புறம் கேட்டார்.

"நான்தான். வீட்டில வேற யாரு மிஸ் இருந்தா?" என்றேன், கடுப்பாக.

சிரிக்கிறார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்றும் கேட்டேன். நேரம் முடிந்துவிட்டால், நான் பாதி அழுகையில் இருந்தாலும் எழுந்துவிடுவார். அதனால் கேட்டேன்: "நீங்க என்மேல வெச்சிருக்கற அக்கறை நெஜமா மிஸ், இல்ல அப்பாயின்ட்மென்டா?"

"ரெண்டும்தான்" என்றார். "ஆதிரைக்குப் பால் குடுக்க நேரம் வெச்சிருக்கீங்கல்ல? அதனால அந்தப் பால் பொய்யாயிருமா?"

அப்போதே முடிவு செய்துவிட்டேன், இனி வருவதில்லை என்று. வருகிற வழியில் இன்னொரு கேள்வியும் தோன்றியிருக்கிறது, அதை மட்டும் கேட்டுவிட்டு, வர மாட்டேன் என்று சொல்லிவிட வேண்டும்.

படமா? வருகிறது. நேற்றும் வந்தது. முன் மாதிரி அல்ல, ஆனால் வருகிறது. உங்களிடம் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது?

பாருங்கள், கதவு திறந்துவிட்டது. உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். போங்கள், போங்கள். பையனை என்னிடம் கொடுங்கள், உள்ளே ஏசி, முழித்துக்கொள்வான். கொடுங்கள். என்ன யோசிக்கிறீர்கள்?

ஓ.

ஆமாம். சரிதான். என்னைப் போல ஒரு மடச்சி உண்டா! இவ்வளவு நேரம் உட்கார்ந்து நாலாவது மாடி, கை விரிகிறது என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டு, 'குழந்தையைக் கொடுங்கள்' என்று அதே கையை நீட்டுகிறேன். நீங்கள் என்ன செய்வீர்கள் பாவம். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இதற்குள் படியிறங்கி ஓடியிருப்பேன். தூக்கிக்கொண்டே உள்ளே போங்கள். அழுதால் அழட்டும், அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். நான் கோபித்துக்கொள்ளவும் மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் கையை நீட்டினதும் உங்கள் கை அவன் முதுகை எப்படி இறுக்கிக்கொண்டது, பார்த்தீர்களா? வந்ததிலிருந்து அவன் முகத்தையே நீங்கள் பார்க்கவில்லை. மீன்தொட்டியைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். இப்போதுதான் குனிந்து அவனைப் பார்க்கிறீர்கள். அந்தக் கையைப் பற்றிப் பேசத்தானே உள்ளே போகிறீர்கள்? நான் எதையும் கேட்கவில்லை. கண்ணில் பட்டது, சொன்னேன்.

ஐயோ, அழாதீர்கள். டிஷ்யூ உள்ளே இருக்கிறது, நடுவில்.

என்ன? நிஜமாகவா? என்னிடமா கொடுக்கிறீர்கள்? வேண்டாம், நீங்கள் அவசரப்பட்டு... இருங்கள், ஒரு நிமிஷம், எனக்கும் கை நடுங்குகிறது. உங்கள் கையும்தான். ம். தலையைப் பிடித்துக்கொண்டேன். நீங்களும் விட்டால்தானே அவன் என்னிடம் வருவான்? மெதுவாக. ஆங். வந்துவிட்டான். அப்பா, என்ன கனம்!

அவரிடம் சொல்லிக் கதவைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். உள்ளே கதவைப் பார்த்தாற்போல் இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்தால் நாங்கள் இருப்பது தெரியும். ஆதிரை, தம்பி தூங்கறான், சத்தம் போடாத.

இருங்கள், இவன் பெயர் என்ன? முழித்துக்கொண்டால் கூப்பிட வேண்டாமா?